களப்பில் எடுத்த அம்பா

2024 ஆம் ஆண்டு ஜூலை 27, சனிக்கிழமை விடியற்காலையில், உடப்பிலிருந்து ஒரு சிறிய பஸ் கற்பிட்டிக்குப் புறப்பட்டது. அதில் பதினான்கு பெண்களும் ஒரு சாரதியும் இருந்தார்கள்.

சாரதியை வைத்தே முதல் வாக்குவாதம் நடந்தது. தில்லையம்பலம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆம்பிளை இல்லாமப் போறம் எண்டு ஊரெல்லாம் சொன்னீங்க. அப்ப இவர் யாரு?"

"ஸ்டியரிங்கைக் கணக்கெடுக்கிறதெண்டா இவரையும் எடுங்க," என்றாள் அவருடைய மனைவி செல்லாச்சி, முன் இருக்கையிலிருந்து. "இஞ்சேருங்க, காலை எடுங்க. நேரம் போகுது."

பஸ்ஸுக்குள் சிரிப்பு வெடித்தது. சாரதியும் சிரித்தார். தில்லையம்பலம் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

செல்லாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. உடப்புக் கடற்கரையில் கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. சங்கம் ஆண்டுக்கொரு தடவை பயணம் போகும். எங்கே போவது என்பதை ஆண்கள் தீர்மானிப்பார்கள். முன் இருக்கைகளில் ஆண்கள் இருப்பார்கள். பெண்கள் பின்னால், பிள்ளைகளோடும் சட்டி பானைகளோடும். கதிர்காமம், திருக்கேதீச்சரம், மறுபடி கதிர்காமம். சாமி கும்பிடுவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போன இடமெல்லாம் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதைப் பயணம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த முறை அவள் கற்பிட்டி என்றாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடப்பில் கரையிலிருந்து இழுக்கும் கரைவலை கிடையாது. கடல் எழும்பி நிற்கும். அப்போது அவள் கற்பிட்டிக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்து விற்பாள். இருபது வருடப் பழக்கம். ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் மதிலோரமாக மூட்டையோடு எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே கூட்டிப்போவார்கள். வெள்ளைக்காரர் போவதையும் கொழும்புக்காரர் போவதையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதையும் அவள் பார்த்திருக்கிறாள். கருவாட்டுக்காரிக்கு உள்ளே என்ன வேலை என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு நடந்துவிடுவாள்.

சங்கத்தின் செயலாளர் நிலக்ஷி பாலர் பாடசாலை ஆசிரியை. யாருக்குப் போன் எடுத்தால் எது நடக்கும் என்று தெரிந்தவள். கற்பிட்டியில் ஒரு போட்காரரைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். காலையில் கடல்நீர் தேங்கிய களப்பைக் கடந்து கலா ஓயா ஆற்றுக்குள் போய்ப் பார்ப்பது, பின்னேரம் திரும்பிவந்து கோட்டையைப் பார்ப்பது என்று ஏற்பாடாகியது.

சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டதும் தில்லையம்பலம் சிரித்தார். அவர் கரைவலைக்குச் சொந்தக்கார சம்மாட்டி. சங்கத்தின் ஆலோசகரும் அவர்தான். "ஆறும் பாத்து, கோட்டையும் பாத்து, ஒரு ஆம்பிளையையும் உதவிக்குக் கூப்பிடாம அண்டைக்கே வீடு வந்து சேருங்க, பாப்பம். சேர்ந்தா அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் நீங்களே எங்கயும் போங்க. இந்தக் கூட்டத்தில நான் வாய் திறக்க மாட்டன். இல்லையெண்டா அடுத்த வருசம் நாங்க கூட்டிக்கொண்டு போற இடத்துக்கு நீங்க வாய் திறக்காம வரணும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். செல்லாச்சி எழுந்து நின்று, "எல்லாரும் கேட்டீங்கதானே?" என்றாள். அதற்குப் பிறகு அது பகிடியாக இருக்கவில்லை.

*

தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர்களால் தெரு நிரம்பியிருந்தது. கூரையில் பாய் கட்டிய வான்கள், கொடி கட்டிய பஸ்கள், அன்னம்மாளின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நடந்துபோகும் குடும்பங்கள். அந்த நெரிசலில் ஊர்ந்து பஸ் கற்பிட்டி இறங்குதுறையை அடைந்தபோது போட்காரன் கிளைட்டன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"கெதியா ஏறுங்க அக்காமார். காலையில காத்து நல்ல பிள்ளை. பின்னேரம் அதுக்கு வேற முகம்."

நீளமான, தட்டை அடிகொண்ட போட். மேலே துணிப் பந்தல். எல்லோரும் சேலைக்கு மேல் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டார்கள். இராக்கம்மா மட்டும் மறுத்தாள். அவளுடைய கணவனும் இரண்டு மகன்மாரும் தில்லையம்பலத்தின் வலையில் வேலை. கடலைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்பது அவள் கட்சி.

"இந்தக் குளத்துக்கு ஒரு ஜக்கெட்டா?"

"இது குளமில்லை, களப்பு," என்றான் கிளைட்டன்.

"எங்கட கரையில வந்து ஒரு அலையைப் பாருங்க தம்பி. பிறகு இதுக்குப் பேர் வைப்பம்."

கிளைட்டன் அங்கியின் வார்களை அவளுக்குப் பூட்டிவிட்டான்.

களப்பு அன்று காலை குளம் போலத்தான் கிடந்தது. அடியில் படர்ந்த சாதாழைப் புல் தெரிந்தது. வலை கட்டிய தடிகளின் உச்சியில் ஒவ்வொரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மறுகரையை நெருங்கியதும் நீரின் நிறம் தேயிலைச் சாயமாக மாறியது. கண்டல் மரங்கள் இரு பக்கமும் சேர்ந்துவர, போட் கலா ஓயாவுக்குள் நுழைந்தது.

உடப்புப் பெண்களுக்கு நீர் என்றால் திறந்த வெளி. பார்வை முட்டாத இடம். இங்கே மேலே கிளைகள் கூடையாகப் பின்னியிருந்தன. வேர்கள் நீருக்கு வெளியே முழங்காலை மடித்து நின்றன. கிளைட்டன் எஞ்சினைத் தணித்தான். சேற்றில் ஒரு முதலை, மரக்குற்றி என்று நினைத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழும்பி நீருக்குள் இறங்கிப்போனது. அதன்பின் வெகுநேரம் ஒருவரும் போட்டுக்கு வெளியே கை வைக்கவில்லை. இன்னும் மேலே போனதும் செல்லாச்சி துணிந்து ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்தாள்.

"உப்பில்லையடி."

ஒவ்வொருவராக அள்ளிப் பார்த்தார்கள். குடத்தோடு தண்ணீர் வண்டிக்குக் காத்துநின்று பழகியவர்கள். இவ்வளவு நல்ல தண்ணீர் ஒருவரையும் கேட்காமல் ஓடிப் போவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டை ஒரு மரத்தின் கீழ், போட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கிளைட்டனின் மனைவி நிலானி ஒரு பெரிய சட்டி இறால் குழம்பு கொடுத்து அனுப்பியிருந்தாள். உடப்பில் அம்மன் கோயில் கொடியேற்றத்துக்குச் சில நாட்களே இருந்ததால் பெண்கள் எல்லோரும் விரதம். கருவாடு விற்கிறவர்கள், மீன் வாடையிலேயே வளர்ந்தவர்கள், இறால் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"மூடுங்க தம்பி. பாக்கிறதே பாவம்," என்றாள் நிலக்ஷி.

"அப்ப திருப்பிக் கொண்டுபோனா வீட்டில எனக்குப் பூசை," என்று சொல்லிக் கிளைட்டன் முழுவதையும் தனியே சாப்பிட்டான். பதினான்கு பேர் பருப்பும் சோறும் சாப்பிட்டபடி அதை வேடிக்கை பார்த்தார்கள்.

*

கிளைட்டன் சொன்ன வேறு முகத்தைத் திரும்பும்போது கண்டார்கள். ஆற்று வாயைத் தாண்டியதும் கச்சான் நேரே முகத்தில் அடித்தது. களப்பின் நடுவில் சின்னச் சின்ன அலைகள் நெருக்கமாக எழுந்து போட்டின் மூக்கை அறைந்தன. ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாளி நீர் உள்ளே விழுந்தது. முன்னால் இருந்தவர்கள் நனைந்து கத்தினார்கள்.

செல்லாச்சி யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத விசயம் அது. உடப்பில் வள்ளம் அலையை வெட்டிக் கரைக்கு வரும்போது ஆட்கள் பின்னுக்கு நெருங்குவார்கள். மூக்கு எழும்பி அலை கீழே போகும். அவள் பிறந்த நாளிலிருந்து பார்ப்பது அது.

"பின்னுக்கு வாங்கடி எல்லாரும்!"

பதினான்கு பேரும் பின்னுக்கு நெருங்கினார்கள். மூக்கு எழும்பியது. நீர் தெறிப்பது நின்றது. இராக்கம்மா கிளைட்டனைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவனும் ஒப்புக்கொள்வதாகத் தலையசைத்தான். நடுக்களப்பில் அது சரியான வேலைதான்.

ஆனால் கடலில் கரையை நெருங்கும்வரை ஆழம் உண்டு. களப்பில் அப்படி இல்லை. பின்னேரக் காற்று கற்பிட்டிப் பக்கத்து நீரை மறுகரைக்குத் தள்ளிவிடும். காலையில் போட் மிதந்துபோன சேற்றுத் திட்டில் பின்னேரம் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். திட்டை நெருங்கியதும் கிளைட்டன், "முன்னுக்குப் போங்க! முன்னுக்கு!" என்று கத்தினான். எஞ்சின் இரைச்சலும் காற்றும் அவன் குரலை விழுங்கின. அவன் கையை வீசி உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து நிலக்ஷி பதிலுக்குக் கையை வீசினாள்.

எஞ்சினின் கால் சேற்றில் குத்தியது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு கரகரப்பு, பிறகு காற்றின் சத்தம் மட்டும்.

கிளைட்டன் எஞ்சினைத் தூக்கிப் பார்த்தான். விசிறியின் ஓர் இதழ் முறிந்திருந்தது, இன்னொன்று வளைந்திருந்தது. அவன் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு பேரும் பின்னால் குவிந்து கிடந்ததையும் போட்டின் பின்பக்கம் சேற்றில் இருந்ததையும் செல்லாச்சி பார்த்தாள்.

"நான்தான் பின்னுக்கு வரச் சொன்னன்," என்றாள்.

"கடல்ல அதுதான் சரி அக்கா," என்றான் அவன்.

கோட்டை கண்ணுக்குத் தெரிந்தது. இறங்குதுறைக்குப் பக்கத்தில், பனைகளுக்கு நடுவே நீளமான சாம்பல் கோடாக. நான்கு மணிக்குப் பிறகு உள்ளே புதிய ஆட்களை விடமாட்டார்கள் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். நிலக்ஷி போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு திரையைச் செல்லாச்சிக்குக் காட்டினாள். மூன்று மணி தாண்டியிருந்தது.

கிளைட்டன் தன் சித்தப்பா மகன் றொபிக்குப் போன் எடுத்தான். "தலவிலையில நிக்கிறான். தெரு முழுக்கச் சனம். வந்து தன்ர போட்டை இறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகும். வரச் சொல்லட்டா?"

எல்லோரும் செல்லாச்சியைப் பார்த்தார்கள். றொபி வந்தால் பயமில்லை. நனையாமல் கரைக்குப் போகலாம். கோட்டை பூட்டியிருக்கும். உதவிக்கு ஓர் ஆம்பிளை வந்ததாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றாகப் போய்விடும். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், அவள் இருக்கும் வரைக்கும், பின் இருக்கையும் சட்டி பானையும்தான்.

"நடந்து போகேலாதா? முழங்கால் தண்ணிதானே," என்று கேட்டாள் நிலக்ஷி.

"திட்டு முடியிற இடத்தில ஒரு வாய்க்கால் இருக்கு, ஆழம். போட் இல்லாம அதைத் தாண்டேலாது. போட்டை வாய்க்கால் மட்டும் கொண்டுபோனாக் காணும். அங்கால காத்து மறைப்பு. நான் கம்பால ஊண்டிக் கரையில சேர்த்திருவன். ஆனா இந்தக் காத்துக்கு எதிரா நான் தனிய இழுத்தா..." அவன் தலையை ஆட்டினான்.

செல்லாச்சி போட்டின் முன்னால் சுருண்டு கிடந்த நங்கூரக் கயிற்றைப் பார்த்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"இறங்குங்கடி."

"கயிறா?" என்றாள் இராக்கம்மா. போட்டில் இருந்த எல்லோர் மனதிலும் இருந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

உடப்பில் பெண்கள் கரைவலைக் கயிற்றைத் தொடுவதில்லை. கடற்கரையில் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். வலை வந்து மீன் கொட்டிய பிறகுதான் அவர்கள் வேலை. மணலில் கிடக்கும் கயிற்றைக் கடக்க வேண்டி வந்தால் சுற்றிப் போவார்கள். கல்யாணமான புதிதில் செல்லாச்சி ஒருதடவை தெரியாமல் கயிற்றைத் தாண்டிவிட்டாள். அன்று வலை வெறுமையாக வந்தது. அந்தப் பருவம் முழுவதும் மீன் குறைந்த நாளெல்லாம் அவள் பெயர் அடிபட்டது.

"இது வலைக் கயிறில்லை," என்றாள் செல்லாச்சி. "நங்கூரக் கயிறு."

"கயிறு கயிறுதான். கொடி ஏறப் போற நேரம். பருவம் தொடங்கி வலையில மீன் படாட்டி யார் தலையில விழும்?"

"என்ர தலையில. முன்னமும் விழுந்த தலைதான். பழகிப்போச்சு." அவள் நீருக்குள் குதித்தாள். சேறு கணுக்கால் வரை விழுங்கியது. "நீ போட்டில இரு இராக்கம்மா. உன்னையும் சேர்த்தே இழுக்கிறம்."

போட்டில் இருந்து இழுபட்டுப் போவதை இராக்கம்மா ஒரு கணம் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். "என்ன கதை கதைக்கிறா!" என்று முணுமுணுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள்.

"காலைத் தூக்கி வைக்காதீங்க," என்று கிளைட்டன் பின்னாலிருந்து சொன்னான். "அடியில திருக்கை படுத்திருக்கும். காலை அரக்கி அரக்கி வையுங்க. அது விலகிப் போயிரும்."

பதினான்கு பெண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். இழுத்தார்கள். போட் அசையவில்லை. ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி மூச்சு வாங்கினாள், மூன்றாமவள் வழுக்கினாள். கயிறு அங்குமிங்கும் நெளிந்தது. மறுபடி இழுத்தார்கள். போட் ஒரு சாண் வந்து, காற்று தள்ள, இரண்டு சாண் பின்னுக்குப் போனது. யாரோ சிரித்தார்கள், யாரோ ஏசினார்கள். செல்லாச்சியின் உள்ளங்கை எரிந்தது.

என்ன குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரைவலை இழுக்கும்போது உடப்பு ஆண்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், திருப்பிச் சொல்லும் அந்த இடத்தில்தான் அத்தனை கையும் ஒரே கையாகும். இந்தப் பெண்கள் தொட்டிலில் கிடந்த காலம் முதல் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வோர் அடியும் தெரியும். வாய் திறந்து ஒரு தடவையும் பாடியதில்லை.

செல்லாச்சி திரும்பி, போட்டைப் பார்த்து நின்றாள், வலை இழுக்கும் ஆண்கள் கடலைப் பார்த்து நிற்பதுபோல. மற்றவர்களும் திரும்பினார்கள். அவள் கயிற்றை இடுப்போடு அணைத்தாள். முதல் அடியை எடுக்கும்போது குரல் உடைந்தது. இரண்டாவது அடி பிடிபட்டது.

"கச்சானே கச்சானே..."

"ஏலே ஏலோ!" இராக்கம்மாவின் குரல்தான் முதலில் வந்தது, தாழ்ந்து, ஆண்குரல் போல. மற்றப் பன்னிரண்டும் அதன் பின்னால் விழுந்தன.

"கையெல்லாம் பாரு கச்சானே..."

"ஏலே ஏலோ!"

போட் சேற்றிலிருந்து கழன்றது. அது கழன்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பின்னுக்கு ஓர் அடி, அரக்கி. இன்னோர் அடி, அரக்கி. திருக்கைக்காகச் சொன்ன நடையும் அம்பாவின் நடையும் ஒன்றாகப் பொருந்தின. பழைய அடிகள் நாலைந்து தீர்ந்ததும் செல்லாச்சி கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுப் பாடத் தொடங்கினாள்.

"இறால் தின்ற தம்பிக்கு..."

"ஏலே ஏலோ!"

"எஞ்சின் ஏன் படுத்திச்சு..."

"ஏலே ஏலோ!"

பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த கிளைட்டன் சிரித்துச் சறுக்கி, இடுப்பு வரை நனைந்து எழும்பினான். அப்போதுதான் போட்டுக்குள் செல்லாச்சியின் போன் அடிக்கத் தொடங்கியது. அது நின்று, மறுபடி அடித்தது. அந்த நேரத்தில் அழைப்பது தில்லையம்பலம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கயிற்றை விட முடியாது. விட்டால் அம்பா அறும்.

கிளைட்டன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். ஏதோ சொன்னான். பிறகு மறுபேச்சில்லாமல் போனை அவர்கள் பக்கமாக நீட்டிப் பிடித்தான். செல்லாச்சி அதைக் கண்டாள். பாடுவதை நிறுத்தவில்லை. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு வந்தது. தொடையிலிருந்து இடுப்புக்கு. "காணும், காணும்! வாய்க்கால்!" என்று கிளைட்டன் கத்தினான். எல்லோரும் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் முதுகுக்குப் பின்னால் இருந்த கோட்டை, வாய்க்காலுக்கு அப்பால் மதில் மதிலாக, கல் கல்லாக நின்றது.

ஒருவரை ஒருவர் இழுத்துப் போட்டில் ஏறினார்கள். கிளைட்டன் கம்பால் ஊன்றினான். போட் இறங்குதுறையைத் தொடுமுன்னே நிலக்ஷி பதினான்கு அடையாள அட்டைகளையும் கொண்ட பிளாஸ்டிக் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி குதித்து ஓடினாள். மற்றவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் கடற்படைச் சிப்பாயோடு சிங்களத்தில் கலா ஓயா முதலையின் நீளத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

சிப்பாய் அவர்களைப் பார்த்தார். இடுப்பு வரை கறுத்த சேறு, அதற்கு மேல் செம்மஞ்சள் அங்கி, அதற்கு மேல் கலைந்த கொண்டை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தமிழில், சொல் சொல்லாக, "அங்கே தண்ணி இருக்கு. கால் கழுவி வாங்க அம்மா," என்றார்.

கோட்டை வாசல் மஞ்சள் செங்கல்லால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே கூரை இல்லாத தேவாலயம், கைதிகளை வைத்திருந்த அறைகள், பெரிய மரங்களின் நிழல். சிப்பாய் சொல்லச் சொல்ல நிலக்ஷி தமிழில் சொன்னாள். ஒல்லாந்தருக்கு முன் இங்கே போர்த்துக்கேயர் இருந்தார்கள், மதிலில் முருகைக்கல். செல்லாச்சி கல்லைக் கையால் தடவினாள். கரடுமுரடாக, உடைந்த சிப்பிகளோடு, கடல் மணத்தோடு இருந்தது.

"இதையெல்லாம் யார் தூக்கிக் கொண்டுவந்தது எண்டு கேள்," என்றாள்.

நிலக்ஷி கேட்டாள். ஒல்லாந்தர் இந்தப் பக்கத்து ஆட்களை வைத்துத்தான் தூக்குவித்திருப்பார்கள் என்று சிப்பாய் சொன்னார்.

"அதுதானே பாத்தன்," என்றாள் இராக்கம்மா. "தூக்கினது ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்கு."

மதில்மேல் ஏறி நின்றபோது களப்பு முழுவதும் தெரிந்தது. பச்சைச் சாதாழைத் திட்டின் நடுவே, கலங்கிய நீரால் இழுத்த ஒரு பழுப்புக் கோடு. காற்று இன்னும் அதை அழித்திருக்கவில்லை. அவர்கள் போட்டை இழுத்துவந்த தடம். பதினான்கு பேரும் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள்.

*

பஸ் உடப்புக்கு வந்தபோது கோயிலடியில் ஆட்கள் நின்றார்கள். செல்லாச்சி வாயைத் திறக்குமுன் இராக்கம்மா படியிலேயே நின்று தொடங்கிவிட்டாள். யாரும் கேட்காமலே, கையை விரித்துக் காட்டி, போட்டின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி. "நாங்க இழுத்தம். ஓம், கயித்தைப் பிடிச்சுத்தான்! வேறென்ன, வாயாலயா இழுக்கிறது?" அவளுடைய மூத்த மகன் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை மறைக்கிறானா வெட்கமா என்று தெரியவில்லை.

தில்லையம்பலம் அந்தக் கூட்டத்தில் இல்லை. வீட்டில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். செல்லாச்சி காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். சொல்ல வேண்டியது ஊருக்கே தெரிந்துவிட்டது. பானையைத் திறந்தாள். சோறு ஆக்கியிருந்தது. கொஞ்சம் குழைந்திருந்தது.

அவர்தான் முதலில் கதைத்தார்.

"போனில கேட்டன். நான் கேட்ட ரெண்டாவது அடியை நீ அவசரப்பட்டு எடுத்திட்ட."

செல்லாச்சி திரும்பிப் பார்த்தாள்.

"சுமை கனக்கேக்க அம்பாவை இறக்கிப் பாடணும். ஆக்கள் மூச்செடுக்க இடம் வேணும். நான் கேக்கத் தொடங்கேக்க நீ விடேல்ல."

"போட் வந்திச்சுத்தானே?"

"வந்திச்சு," என்றார் தில்லையம்பலம். "பிறகு சரியாப் பாடின. இராக்கம்மான்ர குரலா அது, திருப்பிச் சொன்னது?"

"ஓம்."

"நல்ல குரல்."

அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்த இடத்தில் அவர் கண் போனது. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, கயிறு இழுத்து வரும் ஆண்கள் தடவுவதுபோல, விரல் மடிப்புகளில் தடவச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். செல்லாச்சி எண்ணெயைத் தடவிக்கொண்டு குழைந்த சோற்றைச் சாப்பிட்டாள். நல்ல பசி.

திருவிழா முடிந்தபின் ஆகஸ்ட் மாதக் கடைசியில் சங்கக் கூட்டம் நடந்தது. அடுத்த ஆண்டுப் பயணம் திருகோணமலைக்கு என்றும், பெண்கள் மட்டும் போவதென்றும் முடிவாயிற்று. ஆலோசகர் கூட்டத்துக்கு வந்திருந்தார். எதுவும் கதைக்கவில்லை.